சுரங்க விநியோகச் சங்கிலி உகப்பாக்கத்தில் முனைவர் பட்டம்: யாருடைய பணத்தை எடுப்பது?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள். பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலை முடித்திருக்கிறேன், ஆய்வேடு அட்டவணையிடல் பற்றியது, முழு எண் நிரலாக்கம் (விடைகள் முழு எண்ணாகவே வர வேண்டிய உகப்பாக்கக் கணக்கு) ஓரளவு கைவரும். ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்ததில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தந்திருக்கின்றன. இரண்டுமே சுரங்கத் துறை உகப்பாக்கம்தான், அதாவது வரம்புகளுக்குள் மிகச் சிறந்த திட்டத்தைக் கணிதத்தால் தேடுவது, ஆனால் பணம் வரும் வழி வேறு.

முதலாவது அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்ட உதவித்தொகை, ஆர்டிபி என்கிறார்களே அது. மூன்றரை ஆண்டு, கல்விக் கட்டணம் இல்லை. திறந்தவெளிச் சுரங்கத்தில் எந்த ஆண்டு எந்தப் பகுதியைத் தோண்டுவது என்ற பெரிய அட்டவணைக் கணக்கைக் கூறு கூறாகப் பிரித்துத் தீர்ப்பது தலைப்பு. முதல் ஆறு மாதம் படித்துவிட்டுப் பிடித்த பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்கிறார் நெறியாளர்.

இரண்டாவது, ஓர் இரும்புத் தாது நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து தருவது. அடிப்படைத் தொகை அதேதான், அதற்கு மேல் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் நிறுவனம் போடுகிறது, நான்கு ஆண்டு. சுரங்கம், ரயில், துறைமுகம் மூன்றையும் ஒரே கணக்காக வைத்துத் திட்டமிடுவதுதான் வேலை. படித்ததும் மனம் அங்கே போய்விட்டது. ஆனால் கூடவே நான்கு பக்க ஒப்பந்தம் வந்திருக்கிறது. எந்த வெளியீட்டையும் 60 நாள் முன்னதாக நிறுவனத்துக்கு அனுப்பி எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது ஒரு வரி. கணித மாதிரிகளும் நிரல்களும் நிறுவனத்தின் சொத்து என்கிறது இன்னொரு வரி.

இதுவரை ஒரு சுரங்கத்தை நேரில் பார்த்தது கிடையாது. மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். எதை எடுப்பது?

முழுஎண்:

இரண்டாவதை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சுரங்கக் குழியின் எல்லை எது என்ற கணக்கை லெர்ச்சும் கிராஸ்மனும் 1965இலேயே தீர்த்துவிட்டார்கள். அது வலைப்பின்னலில் குறைந்தபட்ச வெட்டு காண்பதற்குச் சமம் என்று பிக்கார்ட் 1976இல் காட்டிவிட்டார். இன்னும் அதே குழிக்குள் நின்று இரண்டு விழுக்காடு வேகத்தைக் கூட்டிக் கட்டுரை எழுதுவதில் என்ன இருக்கிறது? உண்மையான தரவு எங்கேயோ அங்கேதான் புதிய கணிதமும் இருக்கிறது. கூடுதல் பத்தாயிரமும் சும்மா இல்லை.

வெட்டுத்தளம்:

முழுஎண் சொல்வதில் பாதிதான் சரி. எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது என்பது உண்மை. ஆனால் அதில் காலத்தைச் சேர்த்துப் பாருங்கள், ஆண்டுக்கு இவ்வளவு டன்தான் தோண்டலாம், ஆலையில் இவ்வளவுதான் அரைக்கலாம் என்ற வரம்புகளைச் சேர்த்துப் பாருங்கள், கணக்கு வேறு மிருகமாகிவிடும். 1968இல் ஜான்சன் பெர்க்லியில் எழுதிய ஆய்வேட்டிலேயே அதற்கு நேரியல் நிரலாக்க வடிவம் இருக்கிறது, ஆனாலும் பெரிய சுரங்கங்களுக்கு அதன் நேரியல் தளர்வை, அதாவது முழு எண் நிபந்தனையை விட்டுவிட்ட எளிய வடிவத்தை, தீர்க்க நல்ல வழி ஒன்று வர 2010இல் பியன்ஸ்டாக், ஸக்கர்பெர்க் இருவரின் கட்டுரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் ஸக்கர்பெர்க் அப்போது சுரங்க நிறுவனத்தில் இருந்தவர், பியன்ஸ்டாக் பல்கலைக்கழகத்தில். ஆகவே "அரசுப் பணம் என்றால் பழைய கணிதம், நிறுவனப் பணம் என்றால் புதிய கணிதம்" என்று கோடு போடாதீர்கள்.

நிலாமுற்றம், தொகையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். நான் இந்தத் துறையில் முனைவர் பட்டம் முடித்து இப்போது முதுமுனைவர் ஆய்வில் இருக்கிறேன், நிறுவனப் பணத்தில்தான் படித்தேன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கட்டணம். நீங்கள் வெளிநாட்டு மாணவர். உங்களுக்கு வந்த ஆர்டிபியில் கட்டண விலக்கு சேர்ந்து வருகிறது. திட்ட உதவித்தொகையில் அது தானாக வராது, கடிதத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். இருந்தாலும் எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது, நிறுவனம் தருவதாகச் சொல்வதில் எவ்வளவு ரொக்கம், எவ்வளவு பொருளாக, உழைப்பாக என்பது. திட்ட அறிக்கைகளில் பெரிய எண் தெரியும், அதில் பெரும்பகுதி "எங்கள் பொறியாளர் வாரம் இரண்டு மணி நேரம் தருவார்" என்பதாக இருக்கும். அது மோசமில்லை, அந்த இரண்டு மணி நேரம் தங்கம். ஆனால் அந்தப் பொறியாளர் வேலை மாறிப் போனால் அந்த எண் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம், தரவு. எப்போது வரும், எந்த வடிவில் வரும், நீங்கள் போன பிறகு அதற்கு என்ன ஆகும். எனக்குத் திட்டம் தொடங்கிப் பதினொரு மாதம் கழித்துத்தான் தரவு வந்தது. சட்டப் பிரிவுக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கும் நடுவே ரகசியக் காப்பு ஒப்பந்தம் அலைந்துகொண்டிருந்தது, யாரும் கெட்டவர்கள் இல்லை, யாருக்கும் அது அவசரமில்லை, அவ்வளவுதான். அதற்குள் என்னை இந்தத் திட்டத்துக்கு எடுத்த திட்டமிடல் மேலாளர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் முதல் சந்திப்பில் கேட்டது, "நீங்கள் எங்களுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

அந்தப் பதினொரு மாதத்தில் என்னைக் காப்பாற்றியது மைன்லிப். பொதுவில் கிடைக்கும் சுரங்கக் கணக்குகளின் தொகுப்பு, 2013இல் எஸ்பினோசா, கோய்கூலேயா, மொரேனோ, நியூமன் நால்வரும் வெளியிட்டது. கணக்குக்காகச் சுரங்கப் பாறையைச் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரிப்பார்கள்; 1,060 கட்டிகள் கொண்ட சின்னக் கணக்கிலிருந்து 21 லட்சத்துக்கும் மேல் கட்டிகள் கொண்ட மெக்லாக்லின் வரை அதில் இருக்கிறது. என் ஆய்வேட்டின் இரண்டு அதிகாரங்கள் முழுக்க அதன் மேல்தான் நிற்கின்றன.

கணக்குப்பிள்ளை:

ஓரமாக நின்று படிக்கிறேன், ஒரு சந்தேகம். தோண்டி, ரயிலில் ஏற்றி, கப்பலில் கொட்டுகிற வேலைக்கு முனைவர் பட்ட அளவுக்குக் கணிதம் எங்கே வருகிறது? லாரி டிரிப் கணக்கு மாதிரிதானே?

தாதுக்குவியல்:

கணக்குப்பிள்ளை, நல்ல கேள்வி. நான் ஓர் இரும்புத் தாதுத் துறைமுகத்தில் திட்டமிடல் பிரிவில் ஏழு ஆண்டாக இருக்கிறேன். எங்கள் குவிப்புத் தளத்தில் நடப்பதைச் சொல்கிறேன், கணிதம் எங்கே வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஒரு ரயிலில் இருநூறுக்கு மேல் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நூறு டன்னுக்கு மேல் தாது. கவிழ்ப்பான் இரண்டு இரண்டு பெட்டியாக அப்படியே தலைகீழாகப் புரட்டும். கன்வேயரில் போகும் தாதை ஸ்டாக்கர் நீளமான குவியலாகப் போடுகிறது, ஆனால் ஒரே இடத்தில் கொட்டுவதில்லை. முன்னும் பின்னும் நடந்து மெல்லிய அடுக்கு அடுக்காகப் போடும். மேற்குச் சுரங்கத்தின் தாதில் அலுமினா கொஞ்சம் கூட, வடக்கில் பாஸ்பரஸ் கூட. நூறு அடுக்கு போட்ட பிறகு ரிக்ளெய்மர் வந்து குவியலைக் குறுக்காக வெட்டி எடுக்கும்போது, ஒவ்வொரு வெட்டிலும் எல்லா அடுக்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வரும். அப்படித்தான் தரம் சமமாகிறது. வாங்குபவர் இரும்பு இத்தனை விழுக்காடு, சிலிக்கா இதற்கு மேல் கூடாது என்று எழுதி வாங்கியிருப்பார். தவறினால் விலையில் கழித்துவிடுவார்.

இப்போது கணக்குக்கு வருவோம். குவியலில் எதை எவ்வளவு போடுவது என்பது நம் முடிவு. குவியலின் தரம் அந்த முடிவைப் பொறுத்தது. அதிலிருந்து எவ்வளவு எடுத்து எந்தக் கப்பலில் போடுவது என்பதும் நம் முடிவு. ஆக, தெரியாத தரத்தைத் தெரியாத அளவால் பெருக்க வேண்டும். நேரியல் போச்சு, கிடைத்த விடைதான் மிகச் சிறந்தது என்ற உறுதியைத் தரும் குவிவுத்தன்மையும் போச்சு. பெரும்பாலான இடங்களில் "சராசரித் தரம் என்று வைத்துக்கொள்வோம்" என்று இதைத் தாண்டிப் போகிறார்கள். அந்தச் சராசரிக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கப்பல் நிரம்பிய பிறகு ஆய்வகம் சொல்லும்.

அப்புறம் கடல். போர்ட் ஹெட்லண்ட் போன்ற துறைமுகத்தில் பெரிய கப்பல் முழுச் சுமையோடு வெளியேற உயர்ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி நிற்கும் நேரம், வேண்டும். அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த ஓதம் வரை கப்பல் நிற்கும், பின்னால் வரிசையில் இருப்பதும் நிற்கும். ஓதம் சின்னதாக இருக்கும் நாளில் எவ்வளவு ஏற்றலாம் என்பதே மாறும்.

இரவு இரண்டு மணிக்குக் கவிழ்ப்பான் ஒன்று பழுதானால் மாலையில் போட்ட திட்டம் அத்தனையும் பழசு. அதனால் நிலாமுற்றம், எங்களுக்கு வேண்டியது உலகத்திலேயே மிகச் சிறந்த விடை இல்லை. பத்து நிமிடத்தில் வரும், பழைய திட்டத்திலிருந்து அதிகம் விலகாத, ஷிப்ட் மேற்பார்வையாளர் பார்த்ததும் "சரி, இது நடக்கும்" என்று சொல்லக்கூடிய விடை. "அதிகம் விலகாத" என்பதைக் கணிதமாக எப்படி எழுதுவது என்று யாராவது நன்றாகச் செய்து கொடுத்தால் அதுவே ஓர் ஆய்வேடு.

கணக்குப்பிள்ளை:

நன்றி ஐயா. இனி லாரி டிரிப் என்று சொல்ல மாட்டேன்.

வெட்டுத்தளம்:

தாதுக்குவியல் எழுதியதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் நிலாமுற்றம், நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் அதில் இருக்கின்றன.

இதற்கு எதிர்ப் பக்கம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், நியூகாசில் துறைமுகத்தில் இருக்கிறது. ஹண்டர் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சங்கிலியில் பல உற்பத்தியாளர்கள், பல சுரங்கங்கள், பொதுவான ரயில் பாதை, பொதுவான முனையங்கள். அங்கே பெரும்பாலும் கப்பல் வருவதை வைத்துத்தான் அந்தக் கப்பலுக்கான குவியலைக் கட்டத் தொடங்குகிறார்கள். ஒருவருடைய ரயில் தாமதமானால் இன்னொருவருடைய கப்பலுக்கான இடம் மாட்டிக்கொள்ளும். நட்டாஷியா போலண்ட், மார்ட்டின் சாவல்ஸ்பெர்க் இருவரும் அங்கே இந்தக் கணக்கைப் பற்றி எழுதியவை படிக்க வேண்டியவை. பெரும்பாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் முழுச் சங்கிலியையும் தானே வைத்திருக்கும், மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புத் தாதுப் பகுதியான பில்பராவுக்கும், பலர் பங்கு போட்டுக்கொள்ளும் ஹண்டருக்கும் கணிதமே வேறாகிவிடுகிறது. இரண்டாவதில் நியாயமான பங்கீடு என்ற கேள்வியும் மாதிரிக்குள் வந்துவிடும்.

தென்துருவம்:

பண விவரம் கேட்டவர்களுக்காக. ஆர்டிபி 2017 தொடக்கத்தில் பழைய உதவித்தொகைகளுக்குப் பதிலாக வந்தது. அரசு நிர்ணயிக்கும் அடிப்படைத் தொகை 2024இல் 32,192 டாலர், 2025இல் 33,511 டாலர். பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலும் தரலாம், சில தருகின்றன. முழுநேர மாணவருக்கு வரி இல்லை.

கவனிக்க வேண்டியது, ஆர்டிபி ஸ்டைபெண்டின் 75 விழுக்காட்டுக்கு மேல் வேறொரு சமமான உதவித்தொகையோ சம்பளமோ அதே படிப்புக்காக வாங்கினால் ஆர்டிபி தகுதி போய்விடும். பத்தாயிரம் டாலர் டாப்-அப் அதற்குள் அடங்கும். இன்னொன்று, "படித்து முடித்ததும் எங்களிடம் வேலைக்குச் சேர வேண்டும்" என்ற நிபந்தனையோடு நிறுவனம் பணம் தந்தால் வரிவிலக்கு கைவிட்டுப் போகலாம், ஒப்பந்தத்தில் அப்படி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆர்டிபி சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் ஆர்டிபி நிதியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவருக்குத் தரக் கூடாது. அந்தப் பத்தில் ஒன்று உங்களுக்கு வந்திருக்கிறது என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செம்மண்தடம்:

இந்த இழையில் ஒருவரும் சொல்லாததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

2020 மே மாதம் பில்பராவில் ஜூக்கன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 46,000 ஆண்டுக்கால மனித வாழ்வின் தடயம் இருந்த இடம், புட்டு குந்தி குர்ராமா, பினிகுரா என்ற பூர்வகுடி மக்களுடையது. சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ அப்போது சட்டப்படி அனுமதி வைத்திருந்தது. நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது இன்னும் வலிக்கிறது. நிறுவனத்தின் முன்னால் குழியைத் திட்டமிட நான்கு வழிகள் இருந்தன, அவற்றில் மூன்று குகைகளைத் தொட்டிருக்காது. நான்காவது வழியில் எண்பது லட்சம் டன் உயர்தரத் தாது கூடுதலாகக் கிடைக்கும், மதிப்பு சுமார் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தலைமை நிர்வாகியும் இன்னும் இரண்டு மூத்த அதிகாரிகளும் பதவி விலக வேண்டியிருந்தது, ஆனால் குகை திரும்ப வரவில்லை.

நான்கு வழிகளை ஒப்பிட்டு அதிக மதிப்புள்ளதைத் தேர்ந்தெடுப்பது, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் கணக்கு அதுதானே? கட்டி மாதிரியில் அந்தப் பாறைக்கு ஒரு டாலர் மதிப்பு இருந்திருக்கும். மக்களுக்கு அது என்ன என்பதற்கு நெடுவரிசையே இருந்திருக்காது. நிலாமுற்றம் எந்தப் பணத்தை எடுத்தாலும் சரி, அந்த நெடுவரிசையை யார் எழுதுகிறார்கள் என்று கேட்கும் இடத்தில் இருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தாதுக்குவியல்:

செம்மண்தடம், இதை எழுதியதற்கு நன்றி. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வேறு நிறுவனம்தான், இருந்தாலும் நாங்கள் தினமும் திறக்கும் அதே வகை வரைபடம்.

கணித ரீதியாக ஒன்று சொல்ல முடியும். தொடக் கூடாத இடத்தை அபராதத் தொகையாக இலக்குச் சார்பில் (மாதிரி கூட்ட முயலும் மொத்த மதிப்பில்) வைத்தால், தாது விலை ஏறும் ஒரு நாளில் மாதிரி அந்த அபராதத்தைக் கட்டிவிட்டுத் தோண்டச் சொல்லும். கடினமான நிபந்தனையாக வைத்தால் எந்த விலைக்கும் தொடாது. மேலே உள்ள கட்டிகளை எடுக்காமல் கீழே உள்ளதை எடுக்க முடியாது என்பதால், ஒரு கட்டியைத் தடுத்தால் அதன் கீழே கூம்பு போல் விரியும் பகுதி அத்தனையும் தானாகவே தடைபடும். அந்தக் கூம்பின் விலையைத் தனியாகக் கணக்கிட்டு, "இந்த இடத்தைக் காப்பாற்ற இவ்வளவு செலவாகும்" என்று முன்கூட்டியே மேசையில் வைக்கலாம். முடிவை மாதிரி எடுக்காது, ஆனால் தெரியாமல் நடந்துவிட்டது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

முழுஎண்:

இரண்டாவதை எடுங்கள் என்று முதலில் நான் எழுதியது அவசரப்பட்டுச் சொன்னது என்று ஒப்புக்கொள்கிறேன். உண்மையான தரவின் அருமை பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எழுத்துப்பூர்வ ஒப்புதல் என்ற வரியோடு கையெழுத்துப் போட்டால் ஆய்வேடே அலமாரியில் போய்விடலாம்.

சிம்ப்ளெக்ஸ்படி:

ஒரு நடைமுறை விஷயம். குரோபி, சிபிளெக்ஸ் என்ற சால்வர்கள் (உகப்பாக்கக் கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்கள்) இரண்டும் கல்விப் பயன்பாட்டுக்கு இலவச உரிமம் தருகின்றன. ஆனால் நிறுவனத்தின் தினசரித் திட்டத்தை ஓட்ட அதைப் பயன்படுத்த முடியாது. ஆய்வு எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்பது நிறுவனப் பணத்தில் படிப்பவருக்குச் சீக்கிரம் குழம்பிவிடும். வெள்ளிக்கிழமை மாலை "அந்த நிரலை ஒருமுறை நாளைய தரவில் ஓட்டி அனுப்புங்களேன்" என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். நிறுவனமே தன் உரிமத்தில் ஓட்டட்டும் என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள், அல்லது ஹைஸ், ஸ்கிப் போன்ற திறந்த மூலச் சால்வர்களிலும் ஓடும்படி எழுதுங்கள். ஸ்கிப் 2022 இறுதியிலிருந்து அப்பாச்சி உரிமத்தில் வருகிறது, யாரும் பயன்படுத்தலாம்.

தென்துருவம்:

ஆஸ்திரேலியா மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் காஸ்மோ ஆய்வகம் நிச்சயமின்மையோடு சுரங்கம் திட்டமிடுவதில் பெயர் பெற்றது, ரூசோஸ் டிமிட்ரகோபூலோஸ் நடத்துகிறார், பல சுரங்க நிறுவனங்கள் சேர்ந்து பணம் போடுகின்றன. ஒரே நிறுவனத்தை நம்பி நிற்பதைவிட அது பாதுகாப்பு. சிலியில் சிலி பல்கலைக்கழகத்தின் டெல்ஃபோஸ் ஆய்வகம். ஐரோப்பாவில் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகள் வேலை ஒப்பந்தமாகவே தருகின்றன, ஆனால் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவிலேயே மெல்பர்ன், மோனாஷ் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆப்டிமா என்ற உகப்பாக்கப் பயிற்சி மையம் 2021இல் தொடங்கியது.

நிலாமுற்றம்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. வெட்டுத்தளம் அக்கா சொன்னபடி இரண்டாவது கடிதத்தை மறுபடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். இதோ மாட்டியது. உதவித்தொகை நான்கு ஆண்டு, கட்டண விலக்கு மூன்றரை ஆண்டு. கடைசி ஆறு மாதக் கட்டணம் யார் தலையில் என்று எங்கும் எழுதவில்லை. முதல் பக்கத்தில் "நான்கு ஆண்டு" தடித்த எழுத்தில், மூன்றாம் பக்கத்தில் அட்டவணையின் கீழே சின்ன எழுத்தில் இது. மூன்று முறை படித்தும் நேற்று வரை கண்ணில் படவே இல்லை.

ஒப்பந்தத்தில் என்ன மாற்றச் சொல்லிக் கேட்பது? மாணவர் கேட்டால் மாற்றுவார்களா?

வெட்டுத்தளம்:

கேட்பார்கள், மாற்றுவார்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு அலுவலகத்துக்கு இது புதிதில்லை. நீங்கள் நிறுவனத்தோடு நேரடியாகப் பேச வேண்டாம், நெறியாளருக்கும் ஆய்வு அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

"ஒப்புதல்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பார்வைக்கு" என்று மாற்றச் சொல்லுங்கள். நிறுவனம் பார்க்கலாம், ரகசிய எண்களை நீக்கச் சொல்லலாம், 30 நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள். வெளியீட்டைத் தள்ளிப்போடும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும், தடுக்கும் உரிமை வேண்டாம். ஆய்வேட்டைத் தேர்வாளர்களுக்கு அனுப்புவதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த முடியாது என்பது தனி வரியாக இருக்க வேண்டும்.

சொத்துரிமையில், அவர்கள் தரவும் அவர்கள் முறைமைக்கு எழுதும் இணைப்பு நிரலும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். வழிமுறை, தேற்றம், பொதுவான நிரல் இவை பல்கலைக்கழகத்தில் தங்க வேண்டும். மாதிரியே நிறுவனத்தின் சொத்து என்று கையெழுத்திட்டால், நாளைக்கு வேறு சுரங்கத்துக்கு இதே சமன்பாட்டை எழுதுவதே பிரச்சினையாகும்.

தரவைப் பொறுத்தவரை, எண்களை அளவு மாற்றி, பெயர்களை நீக்கி, ஒரு கணக்காவது பொதுவில் வெளியிட அனுமதி கேளுங்கள். நான் இதைக் கேட்காமல் விட்டேன். இன்றுவரை என் நான்காம் அதிகாரத்தின் முடிவுகளை வேறு யாராலும் சரிபார்க்க முடியாது. அடுத்த வழிமுறை எழுதும் மாணவர் என்னோடு ஒப்பிட முடியாது. நான்கு ஆண்டு வேலை, அது உண்மையா என்று கேட்பவருக்கு "என்னை நம்புங்கள்" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கடைசியாக, நிறுவனம் நடுவில் விலகினால் என்ன ஆகும். தாது விலை விழும், அது இந்தத் தொழிலின் இயல்பு. 2011இல் டன் 190 டாலரை நெருங்கிய இரும்புத் தாது 2015 இறுதியில் 40 டாலருக்குக் கீழே போனது. அப்படியொரு ஆண்டில் முதலில் வெட்டப்படுவது ஆய்வுச் செலவுதான். டாப்-அப் நின்றாலும் அடிப்படைத் தொகையையும் கட்டண விலக்கையும் பல்கலைக்கழகம் முடியும்வரை தரும் என்று எழுதி வாங்குங்கள்.

செம்மண்தடம்:

அக்கா, ஒரு வரி சேர்க்கலாமா? சுரங்கத்துக்குப் போய்ப் பார்க்கவும், அந்த நிலத்து மக்களின் பிரதிநிதிகள் வரும் திட்டக் கூட்டத்தில் பார்வையாளராக உட்காரவும் மாணவருக்கு அனுமதி வேண்டும் என்று.

வெட்டுத்தளம்:

சேர்க்கலாம். ஒப்பந்தத்தில் வராவிட்டாலும் முதல் ஆண்டுப் பணித்திட்டத்தில் எழுதலாம், அது நெறியாளர் கையில் இருக்கிறது.

நிலாமுற்றம்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆய்வு அலுவலகத்தில் ஒருவர் மிகப் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துப் பேசினார். 60 நாள் 30 ஆனது, ஒப்புதல் என்பது பார்வைக்கு என்று மாறியது. ஆய்வேட்டை நிறுத்த முடியாது என்ற வரி சேர்ந்தது. நிறுவனம் விலகினால் அடிப்படைத் தொகையைப் பல்கலைக்கழகம் தரும், கட்டண விலக்கும் நான்கு ஆண்டாகிவிட்டது. சொத்துரிமையில் பாதி கிடைத்தது, வழிமுறை பல்கலைக்கழகத்துக்கு, நிரல் முழுக்க நிறுவனத்துக்கு.

பொதுக் கணக்கு வெளியிடுவதை மறுத்துவிட்டார்கள். ரயில் அட்டவணையிலிருந்து உற்பத்தியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பயம். அதை ஆண்டு இறுதியில் மறுபடி பேசலாம் என்றார்கள், ஆனால் எழுதித் தரவில்லை.

இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் முதலாவதைத்தான் ஏற்றிருக்கிறேன், ஆர்டிபி. எழுதித் தராத அந்த ஒரு வரிதான் காரணம். நெறியாளரிடம் தாதுக்குவியல் எழுதிய குவிப்புத் தளத்தைப் பற்றிச் சொன்னேன். தரவு நாமே செயற்கையாக உருவாக்கிப் பொதுவில் வைத்துவிட்டு, குவியல் கலப்பைத் தோண்டும் அட்டவணையோடு சேர்த்துப் பார்க்கலாமே என்றார். உண்மைத் தரவின் நெடி அதில் இருக்காது என்பது தெரியும். தாதுக்குவியல் ஐயா, எண்கள் வேண்டாம், நடைமுறை தவறாக இருந்தால் மட்டும் சொல்வீர்களா?

தாதுக்குவியல்:

கட்டாயம் சொல்கிறேன். முதல் திருத்தம் இப்போதே: செயற்கைத் தரவில் கவிழ்ப்பான் பழுதைச் சீரான இடைவெளியில் போடாதீர்கள். ஒரு மாதம் ஒன்றும் ஆகாது, அப்புறம் ஒரே வாரத்தில் மூன்று முறை நிற்கும்.

முழுஎண்:

நான் இரண்டாவதை எடுத்திருப்பேன், இன்னமும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எழுதித் தராததை நம்பிப் போகாதது சரி. வாழ்த்துகள்.

நிலாமுற்றம்:

நேற்று மைன்லிப்பிலிருந்து நியூமன்1 இறக்கி ஓட்டினேன். 1,060 கட்டிகள், முன்னுரிமைக் கோப்பை (எந்தக் கட்டிக்கு முன் எதை எடுக்க வேண்டும் என்ற பட்டியலை) படிக்கவே ஒரு மணி நேரம் தடுமாறினேன், பிறகு சால்வர் சட்டென்று முடித்துவிட்டது. அடுத்து மார்வின் எடுக்கலாமா? 53,271 கட்டிகள்.

வெட்டுத்தளம்:

எடுங்கள், ஆனால் முழு எண் கணக்கை அப்படியே சால்வரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், மடிக்கணினி திணறும். முதலில் குழி எல்லையை மட்டும் தீர்த்து, அதற்கு வெளியே இருக்கும் கட்டிகளைத் தூக்கி எறியுங்கள். பிறகு நேரியல் தளர்வு. அதன் விடையில் ஒரு கட்டியில் பாதி மூன்றாம் ஆண்டு, மீதி ஐந்தாம் ஆண்டு என்று வரும். அந்த எண்களை வைத்துக் கட்டிகளை வரிசைப்படுத்தி, மேலே உள்ளது முதலில் என்ற ஒழுங்கு கெடாமல் ஒவ்வொன்றாக ஆண்டுகளில் அடுக்கிப் பாருங்கள். டோபோசார்ட் என்று தேடினால் 2012 கட்டுரை வரும். எவ்வளவு நெருங்குகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.